மகன் இங்கே வசிக்கவில்லை

தம்பி,

நீ கேட்ட கட்டுரை இது இல்லை. போன மாதம் போனில் நீ சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. "அப்பா, மாசா மாசம் நான் வாசகருங்களுக்கு அனுப்பற மடல்ல ஒரு வாட்டி நீங்க எழுதுங்க. வீடு வாசல்னு இல்லாம ஊர் ஊரா போய் எழுதறவனோட அப்பா எப்படி இருக்காருன்னு நிறைய பேர் கேக்கறாங்க. நீங்க எழுதறத ஒரு எழுத்துகூட மாத்தாம போடறேன்" என்றாய். எனக்கும் உள்ளூர ஆசைதான். மூன்று முறை உட்கார்ந்தேன். முதலில் எழுதியதைப் படித்த உங்கம்மா, "இது புள்ளைக்கு எழுதறதா, தாசில்தாருக்கு எழுதறதா?" என்று கேட்டாள். இருபத்தெட்டு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவனின் கை அப்படித்தான் போகும். உன்னை "மேற்படி மகன்" என்று எழுதியிருந்தேன். இரண்டாவது முறை உன்னைப் பற்றிப் பெருமையாக எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை, ஆனாலும் இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. உனக்கு நான் செய்த ஒரு காரியம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்லாமல் எதை எழுதினாலும் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆகவே இது மூன்றாவது முறை. இதைப் படிக்கும்போது உன் வாசகர்களை மறந்துவிட்டு நீ மட்டும் படி. அப்புறம் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் பயந்தவன். வெள்ளக் காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வீடு வீடாகப் போய் ஆட்களை வெளியேற்றியதால் நீ சின்ன வயதில் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்திருந்தாய். அது உத்தியோகம். நீ வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் தெரியாத நம்பரிலிருந்து வந்த எந்த அழைப்பையும், ஒரே ஒரு தடவை தவிர, நான் உட்கார்ந்தபடி எடுத்ததில்லை. எழுந்து நின்று, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் எடுப்பேன். "லோன் வேணுமா சார்" என்று மறுமுனையில் ஒரு பெண் கேட்டால் அவளுக்கு நன்றி சொல்கிறேன். என் போனில் வானிலை பார்க்கும் இடத்தில் கடலூரோடு சேர்த்துப் பன்னிரண்டு ஊர்கள் இருக்கின்றன. மற்றதெல்லாம் நீ போய்த் தங்கிய ஊர்கள். நீ அங்கிருந்து கிளம்பிய பிறகும் அவற்றை எடுத்துவிட மனம் வரவில்லை. எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றுகிறது. ஜெய்சல்மேரில் இன்று நாற்பத்து நான்கு டிகிரி. நீ அங்கே இல்லை என்று தெரியும். இருந்தாலும் காலையில் பார்த்தேன்.

சென்னையில் அறையைக் காலி செய்துவிட்டு நீ கடலூரில் நம் செம்மண்டலம் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துக்கொள். பைக்கை நண்பனுக்கும் கட்டில் மெத்தையை வாட்ச்மேனுக்கும் கொடுத்துவிட்டு, முதுகில் ஒரே ஒரு பையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாய். உன் மாமா பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தோடு வந்திருந்தார். "இனிமே எங்கயும் ரூம் எடுக்கப் போறதில்ல மாமா. ஒரு ஊர்ல ஒரு மாசம், ரெண்டு மாசம். அங்கயே தங்கி எழுதிட்டு அடுத்த ஊரு. கம்பெனிங்களுக்கு எழுதித் தர்றது சாப்பாட்டுக்கு ஆவும், மிச்ச நேரமெல்லாம் என் எழுத்து" என்று நீ சொன்னாய். மாமா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்துக்கொண்டிருந்தார். "எழுதறதுக்கு எதுக்கு மாப்ள ஊர் ஊரா போவணும்? மாடியில டேபிள் இருக்குது, ஃபேன் இருக்குது. கரண்ட்டு போனா இன்வெர்ட்டரும் இருக்குது" என்றார். "மாடியில இருந்து பார்த்தா பக்கத்து வீட்டு தண்ணி டேங்க்தான் மாமா தெரியுது" என்று நீ சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். அன்று எல்லோருக்கும் கவலை உன் கல்யாணத்தைப் பற்றித்தான். எந்தப் பெண் வீட்டுக்காரன் இப்படி ஒருவனுக்குக் கொடுப்பான் என்று பேசினார்கள். "மத்தபடி ஆம்பளப் புள்ள, அவனுக்கு என்னா பயம்?" என்று மாமா முடித்துவிட்டார். என் பயத்தைச் சொல்ல அங்கே இடமே இல்லை. நான் உன் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி ஒரு பையை அதற்கு முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். நாம் சிதம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம், எனக்குக் கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் கழித்து, வாய்க்கால் மதகில் ஒரு பிணம் ஒதுங்கியிருப்பதாகத் தலையாரி கோவிந்தன் வந்து சொன்னார். அநாதைப் பிணம் கிடந்தால் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டியது கிராம நிர்வாக அலுவலரின் வேலை. போய்ப் பார்த்தோம். சின்னப் பையன், இருபத்தைந்து இருக்கும். முதுகில் மாட்டிய பை மாட்டியபடியே இருந்தது. பையில் ஒரு சட்டை, ஒரு துண்டு, சோப்பு டப்பா, ஒரு நோட்டு. போன் இல்லை. நோட்டு முழுக்க எழுதியிருந்தான், மை கரைந்து எல்லாப் பக்கமும் ஒரே நீலமாக இருந்தது. அதை என் மேஜையில் வைத்து, ஃபேனைப் போட்டு, ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு போன் நம்பர் தெரிந்தால் போதும் என்று பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. "எந்த ஊரு புள்ளையோ சார். பெத்தவங்க எங்க தேடிகினு இருக்காங்களோ" என்று கோவிந்தன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "பெயர் விலாசம் தெரியாத ஆண், வயது சுமார் இருபத்தைந்து" என்று என் கையால் எழுதினேன். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், யாரும் வரவில்லை. புதைத்தபோது நானும் கோவிந்தனும் நின்றோம். மண்ணைத் தள்ளும்போது கோவிந்தன் அழுதார். யார் பெயரைச் சொல்லி அழுவது என்று தெரியாமல் "தம்பி, தம்பி" என்றே அழுதார். நான் உன்னைக் கூப்பிடுகிற வார்த்தை அது. இதை நான் உன்னிடமும் சொன்னதில்லை, உங்கம்மாவிடமும் சொன்னதில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து நான் செய்த காரியம் உனக்கு நினைவிருக்கும். அழியாத மை பேனா வாங்கிவந்து உன் பை, டிபன் பாக்ஸ், ஜாமெட்ரி பாக்ஸ், செருப்பின் அடிப்பக்கம் எல்லாவற்றிலும் உன் பெயர், என் பெயர், தெரு, ஊர், போன் நம்பர் என்று எழுதினேன். பள்ளியில் பிச்சாவரத்துக்குக் கூட்டிப் போனபோது உன் புதுச் சட்டைக் காலரின் உள்பக்கத்திலும் எழுதினேன். படகில் ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறான். பள்ளிக்கூடம் முடியும்வரை உனக்குப் "பார்சல்" என்றுதான் பெயர். நீ வந்து அழுதாய். "காணாம போனா கண்டுபிடிக்கத்தான்டா" என்று நான் அதட்டினேன். "நான் காணாம போவ மாட்டம்பா" என்று சொன்னாய். அந்தச் சட்டையை அதற்குப்பின் நீ போடவே இல்லை. வகுப்பில் நாலு பேரோடு பேச வெட்கப்பட்டு, கல்யாணப் பந்தியில் ரசம் கேட்கக்கூட வாய் வராமல் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவரும் பிள்ளையாக நீ ஆனதில் என் மை பேனாவுக்கும் பங்கு இருக்கிறது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

சொல்ல வந்ததற்கு முன்னால் என் உத்தியோகத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இருப்பிடச் சான்று கேட்டு யார் விண்ணப்பித்தாலும் நான்தான் விசாரித்து எழுதுவேன். திருப்பூருக்குப் போனவன், கேரளாவுக்குக் கொத்தனார் வேலைக்குப் போனவன், சிங்கப்பூரில் இருப்பவன் எல்லோருக்கும் "மனுதாரர் மேற்படி விலாசத்தில் வசித்து வருகிறார்" என்று எழுதியிருக்கிறேன். ஒரு அம்மா, வருடக்கணக்கில் ஊர்ப்பக்கம் வராத மகனுக்காக வந்து, "அவன் சட்ட கொடியில காயுது பாருங்க சார்" என்று பழைய சட்டை ஒன்றைக் காட்டினார். அது காய்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது. பார்த்தேன், எழுதிக் கொடுத்தேன். ஒருவன் எங்கே படுக்கிறான் என்பது வேறு, எந்த வீட்டில் அவனுக்காகச் சட்டையைக் கொடியில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது வேறு என்று எனக்குத் தெரியும். நானே அப்படித்தான் இருந்தேன். கிராம நிர்வாக அலுவலர் தன் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. அங்கேயே தங்கியிருப்பதாக வருடா வருடம் எழுதிக் கொடுத்துவிட்டு, உன் படிப்புக்காகச் சிதம்பரத்தில் குடியிருந்தேன். ஆக, விலாசம் என்கிற விஷயத்தில் நான் அரிச்சந்திரன் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படி.

நீ கிளம்பிப் போன ஆறாவது மாதம், வியட்நாமில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் எழுதுகிறவர்களுக்கான விடுதியிலிருந்து உனக்கு அழைப்பு வந்தது. மூன்று மாதம் தங்கி எழுதலாம், சாப்பாடு, அறை, உடம்புக்கு ஒன்றென்றால் பார்க்க ஆள், எல்லாம் அவர்கள் பொறுப்பு. உன்னிடம் பாஸ்போர்ட் இல்லை. நம் வீட்டு விலாசத்தைக் கொடுத்து, என் போன் நம்பரையும் எழுதி விண்ணப்பித்தாய். "போலீஸ்ல இருந்து விசாரிக்க வருவாங்கப்பா. வர்றதுக்கு முன்ன உங்களுக்குப் போன் பண்ணுவாங்க. எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க, மறுநாள் காலையில வீட்ல நிப்பேன்" என்று சொல்லிவிட்டு ஹம்பிக்குப் போனாய். போலீஸ்காரர் எனக்குப் போன் செய்தார், தம்பி. "நாளன்னிக்கு வர்றேங்க ஐயா, பையன இருக்கச் சொல்லுங்க" என்றார். நான் சரி என்றேன். உன்னைக் கூப்பிடவில்லை. உங்கம்மா காதுகுத்துக்காகப் பண்ருட்டி போயிருந்தாள். இரண்டு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். கண்ணை மூடினால் கடல், அதற்கு அந்தப் பக்கம் ஒரு மதகு, அங்கே பேச்சுப் புரியாத ஒரு தலையாரி. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் வந்தார். நாற்பது வயதுக்காரர், மரியாதையான ஆள். தண்ணீர் கொடுத்தேன். "பையன் இல்லீங்களா ஐயா? ஒரு கையெழுத்து வாங்கணுமே" என்றார். "இல்ல. அவன் இங்க வசிக்கல" என்றேன். எழுதப் போனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க வி.ஏ.ஓ.வா இருந்தவருன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல. வெளியூர்ல வேல, அப்பப்ப வந்து போறாருன்னு வச்சுக்கலாம். ரெண்டு நாள் டைம் தர்றேன், பையன வரச் சொல்லுங்க." அந்த மனுஷர் எனக்கு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் ஊருக்கெல்லாம் செய்த உதவியை எனக்குச் செய்யப் பார்த்தார். "வேணாங்க, உண்மைய எழுதுங்க. அவனுக்கு இந்த விலாசம் கிடையாது. எங்க இருக்கான்னு எனக்கே தெரியாது" என்றேன். நீ ஹம்பியில் எந்தத் தெருவில் எந்த வீட்டு மாடியில் இருந்தாய் என்று எனக்குத் தெரியும். அன்று அங்கே மழை வரும் என்பதும் தெரியும். மாடியில் உன் மூன்று சட்டைகள் இஸ்திரி போட்டு அலமாரியில் இருந்தன. என் உத்தியோகத்தில் எத்தனையோ பொய் எழுதியிருக்கிறேன், ஒன்றுகூட என்னை உறுத்தியதில்லை. வாழ்நாளில் நான் சொன்னதிலேயே கேவலமானது, நீ இங்கே வசிக்கவில்லை என்கிற அந்த ஒரு உண்மைதான்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும், காரணம் மட்டும்தான் தெரியாது. விலாசத்தில் ஆள் இல்லை என்று அறிக்கை போனதாக உனக்குக் கடிதம் வந்தது. நீ அலைந்தாய், விளக்கம் எழுதினாய். "யாருமே வரலியேப்பா? வராமலே எழுதிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாய். "தெரியலடா, இவுங்க வேலையே அப்படித்தான்" என்றேன். வீடு தேடி வந்து எனக்குச் சலுகை காட்ட நினைத்த மனுஷர் மேல் பழியைப் போட்டேன். விடுதிக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு உன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அந்த மழைக்காலம் நீ ஐந்து வாரம் நம் வீட்டில் இருந்தாய். தண்ணீர் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தாய், ஒரு வரிகூட எழுதவில்லை. நான் தினமும் துறைமுகத்துக்குப் போய் உனக்கு மீன் வாங்கி வந்தேன். சொன்னால் உனக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன், அந்த ஐந்து வாரம்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். நீ சோர்ந்து கிடந்தாய், நான் குறட்டை விட்டேன். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று கேள்விப்பட்டிருப்பாய். மேய்ந்த வேலி நல்ல தூக்கம் தூங்கியது.

அப்புறம்தான் நீ ஒடிசாவுக்குப் போனாய், கோபால்பூர் கடற்கரைக்கு. வியட்நாமுக்குப் போயிருந்தால் நீ அங்கே போயிருக்கவே மாட்டாய். ஒரு வியாழக்கிழமை உன் போன் அணைந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு. உங்கம்மா முதல் இரண்டு நாள் "சார்ஜ் இல்லாம இருக்கும். புள்ளைய பெத்தவ நானே சும்மா இருக்கேன்" என்றாள். மூன்றாவது நாள் அவளும் அடுப்பை மூட்டவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி மனு எழுதுவது. ஒடிசா போலீசுக்கு அனுப்ப ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பெயர். வயது இருபத்தொன்பது. உயரம் சுமார் ஐந்தே முக்கால் அடி. மாநிறம். அங்க அடையாளம், இடது புருவத்தின் மேல் தழும்பு. அந்தத் தழும்பு, நீ இரண்டு வயதில் என் சைக்கிள் முன் கம்பியிலிருந்து விழுந்தபோது வந்தது. அதை எழுதும்போதுதான் எந்தத் தாளை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. வாய்க்கால் மதகுப் பையனுக்கு எழுதிய அதே வரிசை, அதே கையெழுத்து. மேலே எழுத முடியவில்லை. உங்கம்மா பேனாவை வாங்கி மீதியை எழுதினாள். வியட்நாமில் உடம்புக்கு ஒன்றென்றால் பார்க்க ஆள் இருந்தார்கள். அங்கே போகவிடாமல் தடுத்து, யாருமே இல்லாத ஒரு லாட்ஜ் அறைக்கு உன்னை அனுப்பியவன் நான் என்று அந்த நான்கு நாளும் எனக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். திங்கட்கிழமை தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. சுவரில் கை ஊன்றவும் முடியாமல் தரையில் உட்கார்ந்துதான் எடுத்தேன். "அப்பா, டெங்கு. இப்ப பரவால்ல" என்றாய்.

நடந்ததை நீ எங்களிடம் முழுசாகச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து நீ எழுதியதில்தான் படித்தேன். முதல் இரண்டு நாள் அந்த அறையில் நீ தனியாகக் கிடந்திருக்கிறாய். கதவைத் திறக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. அப்புறம் சுவரைத் தட்டியிருக்கிறாய். அடுத்த பக்கம் கருவாடு விற்கும் ஒரு அம்மா குடியிருந்தாள். தண்ணீர், காய்ச்சல், உதவி என்று அவள் பாஷையில் நீ கற்றிருந்த மூன்றே வார்த்தையைக் கதவு வழியாகக் கத்தியிருக்கிறாய். அவளும் அவள் தம்பியும் கதவை உடைத்து, உன்னை ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு நாளில் போய் நின்றுவிடுவேன். அவள் அன்று சந்தைக்குப் போயிருந்தால்? நீ அந்த மூன்று வார்த்தையைக் கற்றிருக்காவிட்டால்? அதே சமயம் இன்னொன்றும் தோன்றியது. பந்தியில் ரசம் கேட்க வாய் வராத என் பிள்ளை, பாஷை தெரியாத ஊரில் சுவரைத் தட்டி உதவி கேட்டிருக்கிறான். அதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர எனக்கே தெரியாது. நீ போன ஊர்கள்தான் உனக்குச் சொல்லித் தந்திருக்கின்றன. உன் எழுத்தும் முன்னைப்போல இல்லை. முன்பெல்லாம் கோபுரம், மலை, அருவி என்று எழுதுவாய். இப்போது ஆட்களை எழுதுகிறாய். அந்த அம்மா கருவாட்டை விரிக்கும்போது காக்கையைத் திட்டும் திட்டை நீ எழுதியிருந்ததைப் படித்து உங்கம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

என் பயம் அதனால் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. ஜாஸ்திதான் ஆனது. ஆகவே, வயதானவன் சொல்கிறேன் என்று நினைத்தாவது சிலவற்றைக் கேட்டுக்கொள். எந்த ஊரில் இறங்கினாலும் முதல் நாளே ஒருவரிடமாவது உன் பெயரையும் சொந்த ஊரையும் சொல்லி வை. டீக்கடைக்காரர் போதும், கோயிலில் பூ விற்கிறவர் போதும். நீ ஒருநாள் வராவிட்டால் "அந்தத் தமிழ்ப் பையன் எங்க?" என்று கேட்க ஒரு வாய் இருக்கட்டும். மழைக்காலத்தில் வாய்க்கால் கரையில் நடக்காதே, கரை இருப்பது போலத்தான் தெரியும். நோட்டில் பென்சிலால் எழுது, தண்ணீர் பட்டாலும் பென்சில் கரையாது. உன்னால் எழுத முடியாத நாட்களில் உன்னைத் திட்டிக்கொள்ளாதே. நம் மாடியில் நீ எழுதாமல் கிடந்தது உன் குறை இல்லை. கல்யாணம் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அதற்கு உன் மாமா இருக்கிறார்.

அதே விடுதி உன்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறது. நீ மறுபடி விண்ணப்பித்திருக்கிறாய், அதே விலாசம், அதே என் நம்பர். என்னை நீ சந்தேகப்படவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன வாரம் உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாம் நாள், "எழுதிக் கொடுங்க. வாயால சொன்னா பாதியில முழுங்கிடுவீங்க" என்றாள். உண்மைதான். போனில் நான் ஆரம்பிப்பதற்குள் நீ "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டுவிடுகிறாய், அதோடு எனக்குத் தைரியம் போய்விடுகிறது. திங்கட்கிழமை போலீஸ்காரர் கூப்பிட்டார். அதே மனுஷர்தான். "ஐயா, போன தடவ நீங்க சொன்னத இன்னும் மறக்கல. இந்த வாட்டி பையன் இருப்பாரா?" என்று கேட்டார். போனை வைத்த கையோடு உன்னைக் கூப்பிட்டேன், யோசித்தால் மாறிவிடுவேன் என்று பயந்து. நீ மைசூரில் இருந்தாய். "அட, இவ்ளோ சீக்கிரமா? புதன்கிழம காலையில சிதம்பரத்துல இறங்கி பஸ் புடிச்சு வந்துடறம்பா" என்று சந்தோஷமாகச் சொன்னாய்.

நாளை புதன்கிழமை. அவர் பதினோரு மணிக்கு வருகிறார். அவர் வந்து போன பிறகு இந்தக் காகிதங்களைக் கொடுக்கலாமா என்று உங்கம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "காரியம் முடிஞ்சப்புறம் கேக்கறதுக்குப் பேரு மன்னிப்பா?" என்றாள். ஆகவே நீ ஆட்டோவை விட்டு இறங்கியதும் கேட்டிலேயே கொடுத்துவிடுவேன். நீ படிக்கும்போது அங்கே நிற்க எனக்குத் தெம்பு இல்லை, உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு இரண்டு பயம் இருக்கிறது. படித்துவிட்டு அந்தப் பையை மறுபடி முதுகில் போட்டுக்கொண்டு நீ அப்படியே திரும்பிவிடுவாயோ என்று ஒன்று. திரும்பாமல் உள்ளே வந்து, கையெழுத்துப் போட்டு, கடல் தாண்டிப் போய்விடுவாயே என்று இன்னொன்று. எதற்கு அதிகம் பயம் என்று முன்பு கேட்டிருந்தால் இரண்டாவது என்றிருப்பேன். இப்போது முதலாவதுதான். நீ எங்கே வேண்டுமானாலும் போ, தம்பி. பயந்துகொண்டே அனுப்பி வைக்கிறேன், அது என் பாடு. ஆனால் என்னோடு பேசாமல் போய்விடாதே. பதினோரு மணிக்கு அவர் கேட்பார், "இங்கதான் இருக்கான்" என்று நான் சொல்லியாக வேண்டும். கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன். வெளியில் நிற்காதே. என்னைத் திட்டுவதாக இருந்தாலும் உள்ளே வந்து திட்டு.

அப்பா